"எல்லாம் புரியுது... சொல்லத்தான் வரலை!" - பக்கவாதம் பறிக்கும் பேச்சும், அதை மீட்கும் பயிற்சியும்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, 'கை கால் வருதா?' என்றுதான். எண்ணெய் தேய்ப்பது, தோள் கொடுத்து நடக்கவைப்பது, பிசியோதெரபிக்கு ஆள் பார்ப்பது என வீடே கை கால்களைச் சுற்றி ஓடும். பேச்சு? 'கொஞ்சம் குழறுது, போகப் போகச் சரியாயிடும்' என்று அது கடைசிக்குத் தள்ளப்பட்டுவிடும்.

ஆனால், அந்த மனிதருக்குள் நடப்பது வேறு. தண்ணீர் கேட்க நினைக்கிறார், வாயிலிருந்து 'சாவி' என்று வருகிறது. முப்பது வருஷமாகக் கூப்பிட்ட மனைவியின் பெயர் மனதில் நிற்கிறது, உதட்டுக்கு வர மறுக்கிறது. பேரன் கேட்பது புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை அகப்படவில்லை. இதற்கு மருத்துவத்தில் 'அஃபேசியா' என்று பெயர். தமிழில் 'பேச்சிழப்பு' என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிரச்னை வருகிறது.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வட சென்னையில் இது பிழைப்புப் பிரச்னையும்கூட. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவருக்குக் குரல்தான் முதலீடு. துறைமுக கேட்டில் கன்டெய்னர் லாரியை நிறுத்தி பேப்பர் காட்டும் டிரைவர், சவாரிக்கு ரேட் பேசும் ஆட்டோக்காரர், தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்லிவிட்டுப் போகும் சூப்பர்வைசர், தெருவோரம் கூடை வைத்து விற்கும் மீன்காரம்மா... இவர்கள் யாருக்கும் பேச்சு இல்லாமல் ஒரு நாள்கூட நகராது. கால் சரியாகி நடக்க ஆரம்பித்தவர்கூட, பேச்சு திரும்பாததால் வீட்டோடு முடங்கிவிடுவது இதனால்தான்.

போனது அறிவல்ல, வார்த்தை!

1861-ல் பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் பால் ப்ரோகா ஒரு நோயாளியைப் பார்த்தார். என்ன கேட்டாலும் 'டான்' என்ற ஒரே ஓசைதான் அவரிடமிருந்து வரும். ஆனால், கேட்பது பெரும்பாலும் புரிந்தது. சைகையில் பதில் சொன்னார். அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது, இடது பக்கத்தின் முன்பகுதியில் சேதம் இருந்தது. 1874-ல் ஜெர்மனியின் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையை விவரித்தார். அந்த நோயாளிகள் சரளமாகப் பேசினார்கள், ஆனால் பேச்சில் பொருள் இல்லை. அடுத்தவர் சொல்வதும் புரியவில்லை. சேதம் இடது மூளையின் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருந்தது.

இன்றைக்கும் அஃபேசியாவைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும்தான் அடிப்படை. முதல் வகைக்காரர் 'நானு... கடை... மீனு...' என்று திக்கித் திணறுவார். தமிழில் இதனால் வரும் குழப்பம் அதிகம். 'கடைக்கு', 'கடையில', 'கடையிலேருந்து' என்று நம் மொழியில் சொல்லின் வால்தான் பாதி அர்த்தத்தைச் சுமக்கிறது. வால் உதிர்ந்துவிட்டால் அவர் கடைக்குப் போகணும் என்கிறாரா, போய்விட்டு வந்தேன் என்கிறாரா என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். இரண்டாம் வகைக்காரர் மூச்சுவிடாமல் பேசுவார், ஒன்றும் விளங்காது. சிலருக்கு இரண்டும் சேர்ந்து பாதிக்கும். சிலருக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்து பெயர்ச்சொற்கள் மட்டும் நழுவும். எண்களும் தடுமாறலாம். ஐம்பது என்று நினைத்து ஐந்நூறு என்று சொல்லிவிடலாம். காசு புழங்கும் தொழிலில் இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

'வாயிலதானே வரலை, எழுதிக் காட்டச் சொல்லலாமே' என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. ஆனால், பாதிக்கப்பட்டது நாக்கு அல்ல. மொழியைக் கையாளும் மூளைப் பகுதி. அதனால் எழுத்தும் வாசிப்பும் சேர்ந்தே அடிபடும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மொழி இடது மூளையில் இருக்கிறது. அதே இடது மூளைதான் வலது கையையும் இயக்குகிறது. பேச்சு போனவர்களில் பலருக்கு எழுதும் கையும் சேர்ந்து தளர்வது இதனால்தான். வார்த்தை சரியாக இருந்து உச்சரிப்பு மட்டும் குழறுவது வேறு பிரச்னை. அது வாய், நாக்குத் தசைகளின் தளர்ச்சி. இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு என்பதால், எது என்று கண்டறிவதுதான் முதல் வேலை.

'நாக்குல வசம்பு தடவினா பேச்சு வருமா?' என்று கேட்கிறவர்களும் உண்டு. நாக்கில் கோளாறு இல்லாதபோது நாக்குக்கு வைத்தியம் பார்த்துப் பயனில்லை. தவிர, பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதிலும் சிரமம் இருக்கும். எதையாவது வாயில் வைத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

எல்லாவற்றையும்விட மோசமானது, 'அவருக்குப் புத்தி பேதலிச்சுடுச்சு' என்று முடிவுகட்டுவது. அஃபேசியா உள்ளவருக்குத் தன் வீடு தெரியும், கடன் எவ்வளவு என்று தெரியும், யார் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்பதும் தெரியும். கனடாவின் டொரன்டோவில் ஆரா ககன் என்ற நிபுணர் உருவாக்கிய உரையாடல் முறையின் அடித்தளமே, 'உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும்' என்று நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்வதுதான்.

குழறினால் குடிபோதை என்று நினைக்காதீர்கள்

நன்றாக இருந்தவர் திடீரென வார்த்தை மாற்றிப் பேசினாலோ, குழறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ, அதுவே பக்கவாதத்தின் அறிகுறி. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது ஆகியவை கூடவே வரலாம், வராமலும் போகலாம். 'சரக்கடிச்சுட்டு உளர்றான், படுக்க வை' என்று விட்டுவிட்டால் இழப்பது விலைமதிப்பில்லாத நேரம். ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ, அவ்வளவு மூளை தப்பும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரம் எது என்பது அங்கிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். யோசிக்காமல் 108-ஐ அழைப்பதே நல்லது. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். நோயாளியால் சொல்ல முடியாது என்பதை மறக்க வேண்டாம்.

பேச்சுப் பயிற்சி நிஜமாகவே வேலை செய்யுமா?

செய்யும். 2016-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு 57 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 3,002 பேர். பேச்சு - மொழிப் பயிற்சி பெற்றவர்களுக்கு அன்றாடப் பேச்சு, புரிதல், வாசிப்பு, எழுத்து ஆகியவற்றில் முன்னேற்றம் இருப்பதாக அது சொன்னது.

அடுத்த கேள்வி, எவ்வளவு பயிற்சி? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து மரியன் பிரேடி தலைமையில் இயங்கிய பன்னாட்டுக் குழு, 25 ஆய்வுகளில் பங்கேற்ற 959 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2022-ல் முடிவுகளை வெளியிட்டது. மொத்தம் 20 முதல் 50 மணி நேரப் பயிற்சி பெற்றவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. வாரத்தில் ஓரிரு நாள் என்றில்லாமல் பல நாள்கள் பரவலாகச் செய்தவர்களின் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது.

இதை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம் தெரபி என்றால், 20 மணி நேரத்தைத் தொடவே 40 வாரங்கள் ஆகும். இடையில் ஒரு மழை, ஒரு காய்ச்சல், கூட்டிப்போகிறவருக்கு லீவு கிடைக்காத ஒரு வாரம் என்று போனால் ஒரு வருஷம் ஓடிவிடும். நான்கைந்து தடவை போய்விட்டு, 'ஒண்ணும் தெரியலையே' என்று நிறுத்திவிடும் குடும்பங்கள், மருந்தின் முழு அளவைக் கொடுக்காமலே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுத்துவிடுகின்றன.

'ஆறு மாசம் ஆயிடுச்சு, இனிமே வராது' என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதுவும் சரியல்ல. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால், ஜெர்மனியில் கேட்டரீனா பிரைட்டன்ஷ்டைன் குழுவினர் 2017-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, பக்கவாதம் வந்து ஆறு மாதங்களைத் தாண்டியவர்களை மட்டுமே சேர்த்தது. 156 பேர். வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம், மூன்று வாரங்கள் தீவிரப் பயிற்சி. அதன் பிறகு அவர்களின் அன்றாடப் பேச்சு தெளிவாகவே மேம்பட்டது. வருஷம் கடந்தும் கதவு மூடவில்லை.

அதேபோல, முதல் வாரத்திலேயே விழுந்து விழுந்து பயிற்சி கொடுக்கவில்லையே என்ற குற்ற உணர்வும் வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 246 பேரிடம் நடந்த ஆய்வில், ஆரம்ப வாரங்களில் கொடுத்த கூடுதல் தீவிரப் பயிற்சி, வழக்கமான பயிற்சியைவிட அதிகப் பலன் தரவில்லை. முதல் நாள்களில் நோயாளி களைத்திருப்பார். அவர் தாங்கும் அளவுக்குத் தொடங்கி, விடாமல் தொடர்வதே முக்கியம்.

பயிற்சி அறையில் என்ன நடக்கும்?

ஸ்பீச் தெரபி என்றதும் 'அ, ஆ' சொல்லிக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. வஞ்சிரம் படத்தைக் காட்டி, 'இது என்ன?' என்று கேட்கிறார்கள். வார்த்தை வரவில்லை. உடனே சொல்லிக் கொடுப்பதில்லை. 'எங்க கிடைக்கும்? எப்படிச் சமைப்பீங்க? விலை கூடவா, குறைவா? முள்ளு அதிகமா?' என்று அந்தப் பொருளைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். ஒரு வீட்டுக்கு முன்வாசல் அடைத்திருந்தால் பின்வாசல், பக்கவாசல் என்று தேடுவதைப் போல, அந்தச் சொல்லோடு தொடர்புள்ள நினைவுகளைத் தட்டி, சொல்லைத் தானாக வரவைக்கும் முறை இது.

இன்னொரு முறையில், அவரவர் வாழ்க்கைக்குத் தேவையான நாலைந்து வரிகளைத் தேர்ந்தெடுத்து, தடையில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள். ஆட்டோ ஓட்டுபவருக்கு, 'எங்க போகணும்? நூத்தி இருபது ஆகும்' என்பது. பாட்டிக்கு, 'சாப்டியா கண்ணு?' என்பது. புத்தகத் தமிழில், 'நான் தண்ணீர் அருந்துகிறேன்' என்று பழக்கினால் அது வீட்டில் உதவாது. 'தண்ணி குடு' என்பதுதான் வேண்டும்.

பேச முடியாதவர் பாடுவதும் உண்டு. பழகிய பாட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, ஜெபம், மந்திரம் ஆகியவை சரளமாக வந்து குடும்பத்தை ஆச்சர்யப்படுத்தும். ராகத்தோடு இழுத்துச் சொல்லவைத்து, பிறகு மெல்ல மெல்ல ராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவரும் சிகிச்சை முறையை அமெரிக்காவில் 1973-லேயே அறிமுகப்படுத்தினார்கள்.

'நாங்களே வீட்டுல பார்த்துக்குறோமே?'

ஆள் இல்லை, காசு இல்லை, தூரம் அதிகம் என்கிற ஊரில் இது நியாயமான கேள்வி. இந்தியாவிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கவாத நோயாளியின் குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சியைச் செய்யவைத்தால் என்ன ஆகும் என்று 'அட்டென்ட்' என்ற ஆய்வு பார்த்தது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். லூதியானா சி.எம்.சி-யின் ஜெயராஜ் பாண்டியன் இதில் முக்கியப் பங்கு வகித்தார். 2017-ல் வந்த முடிவு பலருக்கு ஏமாற்றம். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்பவர்களின் விகிதம் இரண்டு பிரிவிலும் 47 சதவிகிதம். குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்ததால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

அது பேச்சுக்கென்று தனியாகச் செய்த ஆய்வு அல்ல. ஆனால், அதில் ஒரு பாடம் இருக்கிறது. அன்பும் உழைப்பும் நிபுணருக்கு மாற்றாகிவிடாது. அப்பாவுக்குப் பேச்சு திரும்பவில்லை என்றால், அது மகள் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் அல்ல. அரசு செய்ய வேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில், பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிட முடியாது.

செல்போன், டேப்லெட் பயிற்சிகள்? பிரிட்டனில் ரெபெக்கா பால்மர் குழுவினர் 278 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கம்ப்யூட்டரில் தாங்களாகப் பழகியவர்களுக்குப் பழகிய சொற்கள் நன்றாக வந்தன. ஆனால், சாதாரண உரையாடலில் மாற்றம் இல்லை. 'கத்தரிக்காய்' என்று திரையைப் பார்த்துச் சொல்ல வருகிறது, மார்க்கெட்டில் வரவில்லை. ஆக, நிபுணரின் வழிகாட்டுதல், வீட்டில் தினசரிப் பயிற்சி, மனிதர்களோடு நிஜமான பேச்சு... மூன்றும் சேர வேண்டும்.

தமிழா, தெலுங்கா, எந்த மொழியில் பழக்குவது?

ராயபுரத்தில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் கேட்கும். துறைமுகத்தில் இந்தியும் ஆங்கிலமும் கலக்கும். 'ரெண்டு மொழி பேசினா குழம்பிடும், ஒண்ணை நிறுத்திடலாமா?' என்ற சந்தேகம் இங்கே இயல்பு.

ஹைதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் 608 பக்கவாத நோயாளிகளை ஆராய்ந்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பக்கவாதத்துக்குப் பிறகும் சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தவர்கள், இரு மொழிக்காரர்களில் 40.5 சதவிகிதம், ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களில் 19.6 சதவிகிதம். அஃபேசியா வரும் வாய்ப்பு மட்டும் இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொரு மொழி தெரிந்திருப்பது சுமையல்ல, சேமிப்பு. வீட்டில் எந்த மொழியில் பேசுகிறார்களோ, எந்த மொழியில் அவர் கோபப்படுவாரோ, கொஞ்சுவாரோ அந்த மொழியில் பயிற்சியைத் தொடங்கலாம். இன்னொரு மொழியில் வார்த்தை வந்தால் தடுக்க வேண்டியதில்லை. 'நீளு' என்று வந்தாலும் கேட்டது தண்ணீர்தானே!

பேச முடியாதவர் மனசை யார் கேட்பது?

பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், அஃபேசியா உள்ளவர்களில் 70 சதவிகிதம் பேருக்கு மூன்றாவது மாதத்தில் மனச்சோர்வு இருந்தது. ஒரு வருஷம் கழித்தும் 62 சதவிகிதம் பேருக்குத் தொடர்ந்தது. சொல்லப்போனால் எதிர்பார்க்க வேண்டியதுதான். நண்பர்கள் முதல் மாதம் வருவார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் பிறகு குறைத்துக்கொள்வார்கள். டீக்கடைக்குப் போவது நிற்கும். வீட்டு முடிவுகளில் அவரைக் கேட்பது நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், மனச்சோர்வைக் கண்டுபிடிப்பதே கேள்வி பதிலை வைத்துத்தான். கவுன்சலிங் என்பதே பேச்சு. 14416 என்ற மனநல உதவி எண்ணும், 104-ம் இருக்கின்றன. அஃபேசியா உள்ளவர் அழைத்து என்ன சொல்வார்? இந்த எண்கள் பராமரிப்பவருக்குப் பயன்படும். அவரும் களைத்துப்போயிருப்பார் என்பதால், கட்டாயம் பயன்படுத்திக்கொள்ளலாம். நோயாளிக்கென்று, பராமரிப்பவரே பார்த்துப் பதில் எழுதும் கேள்விப் படிவம் ஒன்றை பிரிட்டனில் 1998-லேயே உருவாக்கினார்கள். அடிக்கடி அழுகிறாரா, கூட்டத்தைத் தவிர்க்கிறாரா, இரவில் தூங்குகிறாரா, சாப்பாட்டில் நாட்டம் இருக்கிறதா என்பதைப் போன்ற கவனிப்புகள்தான். இவை தொடர்ந்தால், 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று விடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு.

மருந்துக்கு அப்பாலும் வழிகள் இருக்கின்றன. பிரிட்டனில் 105 பேரிடம் நடந்த ஆய்வில், நோயாளிக்குப் பிடித்த செயல்களைக் கண்டறிந்து, சிறு சிறு படிகளாகப் பிரித்து மறுபடி செய்யவைத்தார்கள். ஆறு மாதத்தில் மனநிலை மேம்பட்டது. லண்டனில் கேட்டரீனா ஹிலாரி குழுவினர், ஏற்கெனவே அஃபேசியாவோடு வாழப் பழகிய ஒருவரைப் புதிய நோயாளியின் வீட்டுக்கு நண்பராக அனுப்பிப் பார்த்தார்கள். பங்கேற்றவர்கள் 56 பேர். சிறிய ஆய்வுதான், ஆனால் மன உளைச்சல் குறைவதற்கான அறிகுறிகள் தெரிந்தன. பின்லாந்தில் 54 பேரை 16 வாரங்கள் குழுவாகப் பாடவைத்ததில், அவர்களின் பேச்சு மேம்பட்டதோடு, பராமரிக்கும் குடும்பத்தினரின் பாரமும் குறைந்தது.

வட சென்னைக்கு இதெல்லாம் அந்நியமா என்ன? பேச்சே தேவைப்படாத கேரம் போர்டு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒரு கை போதும், ஒரு வார்த்தை வேண்டாம். கானா இருக்கிறது. சர்ச் கொயர் இருக்கிறது, கோயில் பஜனை இருக்கிறது. துறைமுக இரைச்சலில் கிரேன் ஆபரேட்டருக்கு வெறும் கைச் சைகையால் டன் கணக்கில் பாரம் இறக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சைகையும் மொழிதான் என்பது இந்த ஊருக்குத் தெரியாததல்ல. நண்பர் ஒருவர் வாரம் ஒரு மாலை வந்து அவரை கிளப்புக்கு அழைத்துப்போனால் அதுவும் சிகிச்சையின் பகுதியே.

எங்கே போவது?

பழைய ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைதான் வட சென்னையின் முதல் வாசல். 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று அந்தக் காலத்தில் பெயர் பெற்ற இடம். டிஸ்சார்ஜ் ஆகும்போது மாத்திரைச் சீட்டோடு நிற்காமல், 'பேச்சு - மொழிப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டிருப்பதால், திருவொற்றியூர்க்காரர்கள் வண்டி மாறாமல் சென்ட்ரலில் இறங்கலாம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் செயல்படுகிறது. ஆனால், எண்ணூரிலிருந்து அங்கே போக நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பிசியோதெரபியும் வருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு அதன் முக்கியச் சேவைகளில் தனி இடம் இல்லை. கைக்கும் காலுக்கும் வாசல்வரை வரும் உதவி, வார்த்தைக்கும் வர வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதுவரை, நிபுணரை மாதம் ஒருமுறை நேரில் பார்த்து, இடையில் வீடியோ காலில் தொடர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்பதைச் சரிபார்ப்பது அவசியம்.

சட்டத்திலேயே பெயர் இருக்கிறது!

பலருக்குத் தெரியாத விஷயம் இது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கையை 7-லிருந்து 21 ஆக உயர்த்தியது. அதில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' ஒன்று. அதற்கான விளக்கத்தில் அஃபேசியாவின் பெயரே இடம்பெற்றிருக்கிறது. கை கால் நன்றாக இருந்தாலும், பேச்சிழப்புக்காக மட்டுமே மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். நிரந்தரக் குறைபாடு என்று மருத்துவக் குழு கருத வேண்டும் என்பதால் பக்கவாதம் வந்த உடனே கிடைக்காது. சலுகைகள் பலவற்றுக்கும் 40 சதவிகிதம் என்பது குறைந்தபட்ச வரம்பு. சான்றிதழ் வந்ததும் யூ.டி.ஐ.டி. அட்டையும் பெறலாம்.

இதே சட்டத்தின் 20-வது பிரிவு, பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனங்கள் வேலையைவிட்டு நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். துறைமுகம், மின்வாரியம், போக்குவரத்துக் கழகத்தில் நிரந்தர ஊழியராக இருப்பவர்களின் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 'வி.ஆர்.எஸ் எழுதிக் கொடுத்துடுங்க' என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். தனியார் கம்பெனியிலும் கான்ட்ராக்டிலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இந்த அளவுக்கு இல்லை. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை பற்றி இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வீட்டில் இப்படிப் பேசிப் பாருங்கள்!

* டி.வி-யை அணையுங்கள். எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசுங்கள். காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்த வேண்டாம்.

* சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம். குழந்தையிடம் பேசும் தொனி மட்டும் வேண்டாம். அவர் வீட்டுக்குப் பெரியவர்.

* 'என்ன வேணும்?' என்று கேட்டுத் திணறவைக்காமல், 'டீயா, காபியா?' என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். 'ஆமா', 'இல்லை' என்பதற்குத் தலையசைப்போ கட்டை விரலோ போதும். சிலருக்கு ஆமாவும் இல்லையும் மாறி வரும் என்பதால், இன்னொரு முறை வேறு விதமாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

* கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். வார்த்தையை அவர் தேடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், அந்தத் தேடல் அறுந்துபோகும்.

* போனில் குடும்பத்தினர், வீடு, டாக்டர், கடை, சாப்பாடு, மாத்திரை ஆகியவற்றின் படங்களைத் தனி ஆல்பமாக வையுங்கள். தொட்டுக் காட்டுவதும் பேச்சுதான்.

* தப்பாகச் சொன்னால் திருத்திப் பரீட்சை வைக்காதீர்கள். புரிந்துவிட்டதென்றால் பேச்சைத் தொடருங்கள். புரியவில்லை என்றால் புரிந்ததுபோல நடிக்காமல், 'புரியலைப்பா, காட்டுங்க' என்று சொல்லுங்கள்.

* கல்யாணப் பேச்சு, வீட்டு வாடகை, பிள்ளையின் காலேஜ் என எந்த முடிவையும் அவர் முன்னால் வைத்து, அவரைக் கேட்டு எடுங்கள்.

* வெளியே போகும்போது சட்டைப்பையில் ஒரு சிறிய அட்டை இருக்கட்டும். 'எனக்குப் பக்கவாதம் வந்ததால் பேசுவதில் சிரமம். நான் குடிக்கவில்லை. சொல்வது எனக்குப் புரியும். கொஞ்சம் நேரம் கொடுங்கள்' என்று எழுதி, வீட்டு போன் நம்பரையும் சேர்த்துவிடுங்கள். பஸ் கண்டக்டர், போலீஸ்காரர், பேங்க் ஊழியர் என யாரிடமும் நீட்டலாம்.

அட்டையைத் தயார்செய்ய ஐந்து நிமிடம் போதும். அதில் என்ன எழுத வேண்டும் என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள். வீட்டுப் பேச்சுப் பயிற்சியை அங்கிருந்தே ஆரம்பித்துவிடலாம்.